தப்பான விடையை அழிக்காதீர்கள்: ரயில் வேகக் கணக்குகளில் பிழை கண்டுபிடிக்கும் வழி

ரங்கூனில் வேலைத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். வங்கியோ, கப்பல் கம்பெனியோ, சிங்கப்பூர் வேலையோ, எதற்கு எழுதினாலும் திறனறித் தாளில் ரயில் கணக்கு ஒன்றிரண்டு வந்துவிடும். விடைப் பட்டியலோடு ஒத்துப் பார்த்து, பொருந்தவில்லை என்றதும் பிள்ளைகள் ரப்பரை எடுத்து அழிக்கிறார்கள். பிறகு அதே கணக்கை அதே தவறோடு இன்னொரு தடவை போடுகிறார்கள்.

தயவுசெய்து அழிக்காதீர்கள். ரயில் கணக்கில் தப்பான விடை தற்செயலாக வருவதில்லை. எங்கே சறுக்கினோமோ, அந்த இடத்தின் தடம் அந்த எண்ணிலேயே பதிந்திருக்கும். சரியான விடை, உங்கள் விடை இரண்டில் பெரியதைச் சிறியதால் வகுத்துப் பாருங்கள். அது எதுவும் சொல்லவில்லை என்றால் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பாருங்கள். பாதிப் பேருக்கு அங்கேயே விஷயம் விளங்கிவிடும். கீழே உள்ளவற்றில் உங்கள் நோட்டில் இருப்பது எதுவோ, அதற்கு நேராகப் போய்விடலாம். வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை.

விடை 3.6 மடங்கு, அல்லது 12.96 மடங்கு தள்ளிப் போகிறது

150 மீட்டர் நீளமுள்ள ரயில், மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் ஒரு கம்பத்தைக் கடக்க எத்தனை விநாடி?

சரியான விடை 10 விநாடி. உங்களுக்கு 2.78 வந்திருந்தால் 150-ஐ நேரே 54-ஆல் வகுத்திருக்கிறீர்கள். மீட்டரைக் கிலோமீட்டரால் வகுத்துவிட்டு விடையை விநாடி என்று எழுதியாயிற்று. 10-ஐ 2.78-ஆல் வகுத்தால் 3.6 வரும். இந்த 3.6-ஐக் கண்டால் அலகை மாற்ற மறந்துவிட்டோம் என்று பொருள். வேறெதையும் தேட வேண்டாம்.

0.77 விநாடி வந்திருந்தால், மாற்ற மறக்கவில்லை, தலைகீழாக மாற்றிவிட்டீர்கள். 5/18-ஆல் பெருக்க வேண்டிய இடத்தில் 18/5-ஆல் பெருக்கியதால் வேகம் விநாடிக்கு 194.4 மீட்டர் ஆகிவிட்டது. 3.6-ஐ 3.6-ஆல் பெருக்கினால் 12.96. விடை ஏறக்குறைய 13 மடங்கு தள்ளி நின்றால் இந்தத் தவறுதான்.

5/18 எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் தலைகீழாகப் போகாது. ஒரு கிலோமீட்டர் 1000 மீட்டர், ஒரு மணி 3600 விநாடி. 1000/3600-ஐச் சுருக்கினால் 5/18. ஒரு மணி நேரத்தில் போகும் கிலோமீட்டரை விட ஒரு விநாடியில் போகும் மீட்டர் எண்ணிக்கையில் எப்போதும் சிறியது. மாற்றிய பிறகு எண் பெருத்திருந்தால் உடனே நிறுத்துங்கள். தேர்வில் வரும் வேகங்கள் பெரும்பாலும் 18-இன் மடங்குகளாகவே இருக்கும்: 36-க்கு 10, 54-க்கு 15, 72-க்கு 20, 90-க்கு 25, 108-க்கு 30. இந்த ஐந்தும் வாய்ப்பாடு மாதிரி நாக்கில் நிற்கட்டும்.

விடை 5.28 மடங்கு அல்லது 1.6 மடங்கு மாறுகிறது

இது இந்த நாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கே உரிய சிக்கல். 1877-இல் ரங்கூனிலிருந்து புரோமுக்கு முதல் ரயில் பாதை திறந்தபோது அதன் நீளம் 161 மைல். அன்று மைலில் தொடங்கிய வழக்கம் இன்னும் போகவில்லை. ரயில் போகும் தூரத்தை இன்றும் மைலில்தான் பேசுகிறோம். தேர்வுத் தாளோ கிலோமீட்டரில் இருக்கும். இடையிடையே பழைய வினாத்தொகுப்பிலிருந்து எடுத்த மைல், அடிக் கணக்கும் தலைகாட்டும்.

440 அடி நீளமுள்ள ரயில், மணிக்கு 30 மைல் வேகத்தில் ஒரு கம்பத்தைக் கடக்கும் நேரம் 10 விநாடி. 52.8 வந்தால், பழக்க தோஷத்தில் மைலுக்கும் 5/18 போட்டுவிட்டீர்கள். ஒரு மைலுக்கு 5280 அடி, ஒரு கிலோமீட்டருக்கு 1000 மீட்டர்; அதனால்தான் விடை 5.28 மடங்கு வீங்கியிருக்கிறது. மைலுக்கும் அடிக்கும் உரிய பின்னம் 22/15. மணிக்கு 15 மைல் என்றால் விநாடிக்கு 22 அடி. 30-க்கு 44, 45-க்கு 66, 60-க்கு 88. இங்கே எண் பெருக்கும், கிலோமீட்டருக்குச் சொன்ன விதிக்கு நேர் எதிர். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

1.6 மடங்கு மாறினால், கேள்வியில் ஓரிடத்தில் மைலும் இன்னோரிடத்தில் கிலோமீட்டரும் இருந்ததை நீங்கள் கவனிக்கவில்லை. பென்சிலால் இரண்டு அலகுகளையும் வட்டமிட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

கம்பம் சரியாக வருகிறது, பாலமும் பிளாட்பாரமும் வந்தால் நேரம் குறைகிறது

இதில் கொஞ்சம் நின்று போக வேண்டும். ரயில் கணக்கில் பிள்ளைகள் அதிகம் மதிப்பெண் விடும் இடம் இதுதான்.

மேமியோவுக்கும் லாஷியோவுக்கும் இடையே உள்ள கோட்டெய்க் பாலத்தை எடுத்துக்கொள்வோம். 1901-இல் முடிந்தது, 689 மீட்டர் நீளம், 102 மீட்டர் உயரம். ரயில்கள் அதன்மேல் ஊர்ந்துதான் போயின. நம் கணக்குக்காக ரயிலின் நீளம் 151 மீட்டர் என்றும் வேகம் மணிக்கு 18 கி.மீ. என்றும் வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 5 மீட்டர். பாலத்தைக் கடக்க எவ்வளவு நேரம்?

பெரும்பாலான பிள்ளைகள் 689-ஐ 5-ஆல் வகுத்து 137.8 விநாடி என்பார்கள். விடைப் பட்டியலில் 168 இருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் 30.2 விநாடி. ரயிலின் நீளமான 151-ஐ 5-ஆல் வகுத்துப் பாருங்கள்: அதே 30.2. விட்டுப்போனது ரயிலின் உடம்பு.

வகுப்பில் இதை எத்தனை படம் போட்டுக் காட்டியும் விளங்காத ஒரு தங்கச்சி இருந்தாள். அப்பாவோடு லாஷியோவுக்கு ரயிலில் போயிருக்கிறாள் என்று தெரிந்ததும், எந்தப் பெட்டியில் உட்கார்ந்தாய் என்று கேட்டேன். கடைசிப் பெட்டி. முன் பெட்டிக்காரர்கள் பாலத்தை முடித்துத் தரைக்குப் போனபோது நீ எங்கே இருந்தாய் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "நான் இன்னும் பாலத்து மேலதான் சார் இருந்தேன்" என்றாள். அதற்குப் பிறகு அவள் இந்த வகைக் கணக்கில் தவறியதில்லை.

எஞ்சினைப் பார்க்காதீர்கள், கடைசிப் பெட்டியில் கொடியோடு நிற்கும் கார்டைப் பாருங்கள். எஞ்சின் மூக்கு பாலத்தைத் தொடும்போது கார்டு பாலத்துக்கு 151 மீட்டர் பின்னால் நிற்கிறார். அவர் பாலத்தை விட்டு இறங்கினால்தான் ரயில் கடந்ததாக ஆகும். ஆகவே அவர் போக வேண்டிய தூரம் 151 + 689 = 840 மீட்டர்; 5-ஆல் வகுத்தால் 168 விநாடி.

அதே பாலம், அதே ரயில். கேள்வி மட்டும் மாறும். ரயில் முழுவதும் பாலத்தின்மேலேயே இருந்த நேரம் எவ்வளவு என்று கேட்டால் கூட்டக் கூடாது, கழிக்க வேண்டும். கார்டு பாலத்தில் ஏறிய நொடியிலிருந்து எஞ்சின் பாலத்தை விட்டு வெளியேறும் நொடி வரைக்கும் ரயில் நகர்வது 689 − 151 = 538 மீட்டர்; 107.6 விநாடி. இருக்கையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பயணி பாலத்தைக் கடக்க எவ்வளவு நேரம் என்று கேட்டால், முதலில் தப்பு என்று சொன்ன அந்த 137.8 விநாடியே சரியான விடை. பயணிக்கு நீளம் கிடையாது. கேள்வி யாரைப் பற்றிக் கேட்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கூட்டுவதா, கழிப்பதா, சும்மா விடுவதா என்று முடிவு செய்ய வேண்டும்.

ரயிலின் நீளம் கேட்டால் பாதிக்குப் பக்கமாகக் குறைந்து வருகிறது

ஒரு ரயில் கம்பத்தை 12 விநாடியில் கடக்கிறது. 240 மீட்டர் பிளாட்பாரத்தை 28 விநாடியில் கடக்கிறது. நீளம் என்ன?

102.9 மீட்டர் என்று வந்திருந்தால், 240-ஐ 28-ஆல் வகுத்து அதையே வேகம் என்று எடுத்திருக்கிறீர்கள். அந்த 28 விநாடியில் ரயில் பிளாட்பாரத்தோடு தன் நீளத்தையும் சேர்த்து ஓடியிருக்கிறது. தன் நீளத்துக்கு எடுத்த நேரம் கேள்வியிலேயே இருக்கிறது: கம்பத்துக்கான 12 விநாடி. மிச்சம் 16 விநாடிதான் பிளாட்பாரத்துக்கு. 240-ஐ 16-ஆல் வகுத்தால் விநாடிக்கு 15 மீட்டர். 12-ஆல் பெருக்கினால் 180 மீட்டர்.

கம்பத்துக்குப் பதில் இரண்டு பிளாட்பாரங்கள் கொடுத்தாலும் வழி இதேதான். நீளங்களின் வித்தியாசத்தை நேரங்களின் வித்தியாசத்தால் வகுத்தால் வேகம் வந்துவிடும். சமன்பாடு எழுதத் தேவையே இல்லை.

இரண்டு ரயில்கள் வந்தால் விடை எங்கேயோ போகிறது

120 மீட்டர் ரயில் மணிக்கு 60 கி.மீ., 180 மீட்டர் ரயில் மணிக்கு 48 கி.மீ. எதிரெதிராக வந்தால் வேகங்களைக் கூட்டி 108, அதாவது விநாடிக்கு 30 மீட்டர். நீளம் இரண்டும் சேர்ந்து 300. விடை 10 விநாடி. ஒரே திசையில் போனால் கழித்து 12 கி.மீ., அதாவது விநாடிக்கு 10/3 மீட்டர். விடை 90 விநாடி.

இரண்டு விடைகளுக்கும் விகிதம் 9. 108-ஐ 12-ஆல் வகுத்தாலும் 9. உங்கள் விடை இப்படிக் கூட்டலுக்கும் கழித்தலுக்கும் உள்ள விகிதத்தில் தள்ளி நின்றால் திசையை மாற்றிப் புரிந்துகொண்டீர்கள். இதில் பிள்ளைகளை முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். பள்ளியில் கணக்கைப் பர்மிய மொழியில் படிக்கிறார்கள், வீட்டில் தமிழ், தேர்வுத் தாள் ஆங்கிலம். ஒரே வரி மூன்று மொழியில் ஏறி இறங்கும்போது திசை நழுவிவிடுகிறது. பர்மியர் ரயிலை மீயட்டா என்பார்கள், நெருப்புத் தேர். நாம் புகைவண்டி என்றோம். ஒரே பொருளை அவர்கள் நெருப்பாகவும் நாம் புகையாகவும் பார்த்திருக்கிறோம். சொல் மாறினால் மனசில் படமும் மாறும். அதனால் மொழிபெயர்க்காதீர்கள், கேள்வியைப் படித்ததும் இரண்டு கோடு போட்டு அம்புக்குறி வையுங்கள். முந்தியது என்றால் ஒரே திசை. சந்தித்தது என்றால் பெரும்பாலும் எதிர்த் திசை. வெறுமனே கடந்தது என்றால் திசை தனியாகச் சொல்லியிருக்கும், தேடுங்கள்.

திசை சரியாக இருந்தும் விடை 6 அல்லது 4 என்று வந்தால், நீளங்களில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். அந்த 6-க்கும் 4-க்கும் பொருள் உண்டு. முதல் ரயிலின் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் எதிரே வரும் 180 மீட்டர் ரயிலைப் பார்ப்பது 6 விநாடி. அந்த ரயிலில் இருப்பவர் இந்த 120 மீட்டரைப் பார்ப்பது 4 விநாடி. இரண்டையும் கூட்டினால் ரயில்கள் ஒன்றையொன்று முழுதாகக் கடக்கும் 10 விநாடி. எனக்கு இந்தக் கூட்டல் மிகவும் பிடிக்கும். சரிபார்க்கவும் உதவும்.

எதிரெதிர்த் திசை என்றதும் இன்னொரு கணக்கு எனக்கு நினைவுக்கு வரும், அதை நான் வகுப்பில் கொடுப்பதில்லை. யுத்த காலத்தில் ஜப்பானியர் போட்ட சயாம்–பர்மா ரயில் பாதை 415 கி.மீ. இரண்டு முனையிலிருந்தும் ஒரே சமயத்தில் போட்டுக்கொண்டு வந்தார்கள். 1943 அக்டோபரில் இரண்டும் சந்தித்தன. ஒரு நாளைக்கு இத்தனை கி.மீ., எப்போது சந்திப்பார்கள் என்று கேட்க எல்லா எண்ணும் கைவசம் இருக்கின்றன. ஆனால் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட நம் ஆட்கள் ஆயிரமாயிரமாக அந்தப் பாதையில் செத்தார்கள். அந்த எண்களை வேகக் கணக்காக மாற்ற எனக்கு மனம் வருவதில்லை.

வெவ்வேறு நேரத்தில் புறப்படும் ரயில்கள்: சந்திக்கும் மணி தவறுகிறது

ரங்கூனிலிருந்து மாண்டலேவுக்கு ரயில் பாதை சுமார் 620 கி.மீ. காலை 6 மணிக்கு ரங்கூனிலிருந்து ஒரு ரயில் மணிக்கு 40 கி.மீ. வேகத்திலும், 8 மணிக்கு மாண்டலேவிலிருந்து இன்னொன்று மணிக்கு 50 கி.மீ. வேகத்திலும் புறப்படுகின்றன. எப்போது சந்திக்கும்?

12.53 என்று வந்ததா? 620-ஐ 90-ஆல் வகுத்து 6 மணியோடு கூட்டியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் இரண்டும் எங்கே இருக்கும் என்று போட்டுப் பாருங்கள்: முதல் ரயில் ஏறக்குறைய 276 கி.மீ., இரண்டாவது 244. கூட்டினால் 520. நூறு கிலோமீட்டர் குறைகிறது. அந்த நூறு, இரண்டாவது ரயில் மாண்டலே பிளாட்பாரத்தில் சும்மா நின்ற இரண்டு மணி நேரத்துக்கும் ஓடியதாக நீங்கள் போட்ட தூரம். 2.53 என்று வந்திருந்தால் தவறு மறுபக்கம்: முதல் ரயில் 8 மணி வரை நகரவே இல்லை என்று வைத்துவிட்டீர்கள்.

கடைசியாகப் புறப்படும் ரயிலின் மணிக்கு வந்து நில்லுங்கள். 8 மணிக்குள் முதல் ரயில் 80 கி.மீ. ஓடிவிட்டது. மிச்சம் 540. 90-ஆல் வகுத்தால் 6 மணி. பகல் 2 மணிக்குச் சந்திக்கும். 320-உம் 300-உம் சேர்ந்து 620. இந்தச் சரிபார்ப்புக்குப் பத்து விநாடி போதும். தேர்விலும் இதைச் செய்யச் சொல்வேன்.

சராசரி வேகம் எப்போதும் கொஞ்சம் கூடுதலாக வருகிறது

போகும்போது மணிக்கு 30 மைல், அதே பாதையில் திரும்பும்போது 20 மைல். சராசரி 25 என்பீர்கள், விடை 24. தூரம் சமமாக இருந்தால் கூட்டிப் பாதியாக்குவது எப்போதும் அதிகமாகவே காட்டும், ஒருபோதும் குறைவாகக் காட்டாது. மெதுவாக வரும்போது அதிக நேரம் பாதையில் கிடக்கிறோம், ஆகவே மெதுவான வேகத்துக்குத்தான் கனம் கூடுதல். 60 மைல் தூரம் என்று வைத்துப் பாருங்கள்: போக 2 மணி, வர 3 மணி, மொத்தம் 120 மைலுக்கு 5 மணி. நேரம் சமமாக இருந்தால் மட்டும் 25 சரி.

நிற்கும் நிமிடம் கேட்டால் 10-க்குப் பதில் 12

ரங்கூன் வட்ட ரயிலில் போனவர்களுக்கு இது உடனே புரியும். முழு வட்டம் 45.9 கி.மீ.; பழைய வண்டியில் சுற்றி வர மூன்று மணி நேரம் போல ஆகும். மணிக்குப் பதினைந்து கி.மீ.தான். ரயில் அவ்வளவு மெதுவாகவே ஓடுகிறது என்றில்லை. வழியில் நாற்பது நிலையம் போல நிற்கிறது, டன்யிங்கோனில் காய்கறி மூட்டை ஏறி முடிய வேண்டும்.

கேள்வி இப்படி வரும்: நிற்காமல் ஓடினால் மணிக்கு 54 கி.மீ., நின்று ஓடினால் 45 கி.மீ.; ஒரு மணி நேரத்தில் எத்தனை நிமிடம் நிற்கிறது? குறைந்தது 9 கி.மீ. அந்த 9-ஐ ஓட 54 வேகத்தில் எவ்வளவு நேரம் ஆகியிருக்குமோ அதுதான் நின்ற நேரம்: 10 நிமிடம். 12 வந்தால் 45-ஆல் வகுத்திருக்கிறீர்கள். ரயில் ஓடும்போது ஓடுவது 54-இல்தான். 45 என்ற வேகத்தில் அது எந்த நொடியிலும் ஓடவில்லை.

தாமதக் கணக்கில் 80 வருகிறது, விடை 60

வழக்கமான வேகத்தில் முக்கால் பங்காகப் போனால் 20 நிமிடம் தாமதம். வழக்கமான நேரம் என்ன? வேகம் 3/4 ஆனால் நேரம் 4/3 ஆகும். கூடியது மூன்றில் ஒரு பங்கு. அது 20 நிமிடம். வழக்கமான நேரம் 60. உங்கள் 80 தப்பான எண் இல்லை, அன்றைக்கு ஆன நேரம் அது. கேள்வியின் கடைசி வரியை மறுபடி படித்தால் சரியாகிவிடும்.

எல்லாம் சரி, ஆனால் நேரம் போதவில்லை

தாளில் நான்கு விடைகள் கொடுத்திருப்பார்கள். முழுதாகப் போடும் முன்பு அளவைப் பாருங்கள். கம்பத்தைக் கடக்க ஒரு விநாடிக்கும் குறைவு என்றாலோ, ரயிலின் நீளம் ஐந்து கி.மீ. என்றாலோ அந்த இரண்டை அடித்துவிடலாம். மிச்சம் இருக்கும் இரண்டில் ஒன்று பெரும்பாலும் மேலே சொன்ன தவறுகளில் ஏதாவது ஒன்றின் விடையாக இருக்கும். பாலம் என்றால் ரயில் நீளத்தை விட்டவருக்கு வரும் எண், சராசரி என்றால் கூட்டிப் பாதியாக்கியவருக்கு வரும் எண். உங்கள் விடை தாளில் இருக்கிறது என்பதாலேயே நம்பிவிடாதீர்கள்.

வேகம் உடம்பில் பதியவும் ஒரு வழி உண்டு. ரயிலில் போகும்போது போனில் ஸ்டாப்வாட்சைத் திறந்து, ஒரு மைல் கல்லிலிருந்து அடுத்த மைல் கல் வரைக்கும் விநாடியை எண்ணுங்கள். 3600-ஐ அந்த எண்ணால் வகுத்தால் மணிக்கு எத்தனை மைல் என்று வரும். 240 விநாடி என்றால் 15 மைல். ஒவ்வொரு விநாடிக்கும் 22 அடி உங்களுக்குக் கீழே ஓடிக்கொண்டிருக்கிறது. போன வருஷம் ஒரு தம்பி வட்ட ரயிலில் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் இதை ஒரு மாதம் செய்தான். இப்போது கேள்வியில் வேகத்தைப் படித்ததுமே, மாற்றாமலே, விடை எந்தப் பக்கம் இருக்கும் என்று சொல்கிறான்.